முழுசாக வந்த மாத்திரை

உத்திராபதி ஒன்றை நினைத்துவிட்டால் முடிக்காமல் விடமாட்டார். விழிதியூரில் எல்லோருக்கும் இது தெரியும், சிலர் பட்டும் இருக்கிறார்கள். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி டிப்பர் லாரி ஓட்டுகிற அவரிடம் ஒப்பந்தக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எட்டுக்குக் கீழே வராவிட்டால் சித்திரைக் கடைசியில் துறைமுகத்துக்குள் போகிற பாஸைப் புதுப்பிக்க முடியாதாம், வேறு டிரைவர் பார்த்துக்கொள்வாராம். ஸ்டியரிங்கைத் தவிர உத்திராபதிக்கு வேறு பிழைப்பு கிடையாது. சர்க்கரையை இறக்கியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டார்.

ராத்திரிச் சாப்பாட்டோடு நீளமான வெள்ளை மாத்திரை ஒன்று. ஒருநாள் கூடத் தவறவிடவில்லை. மனைவி பெரியநாயகி சோற்றைக் குறைத்துக் கேழ்வரகும் கீரையுமாகப் போட்டார், தானும் அதையே சாப்பிட்டார். அப்படியும் தை மாதச் சோதனையில் ஒன்பதரை. தன் சமையலில்தான் எங்கோ கோளாறு என்று அந்த அம்மாளுக்கு உள்ளூர உறுத்தல். எண்ணெயைக் குறைத்தார், பிறகு தேங்காயையும் நிறுத்தினார்.

முழங்கால் வலிக்காக அந்த வீட்டில் புதிதாக வெஸ்டர்ன் டாய்லெட் வைத்திருந்தார்கள். மாசியில் ஒரு காலை அதில்தான் உத்திராபதி அதைக் கண்டார். இதை நாசூக்காகச் சொல்ல வழியில்லை. ராத்திரி விழுங்கிய மாத்திரை, விழுங்கிய வடிவத்திலேயே வெளியே வந்து கிடந்தது. மறுநாளும் அதே கதை. அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை மாதமாக மருந்து உடம்பில் ஒட்டவே இல்லை, உள்ளே போனபடியே வெளியே போய்க்கொண்டிருக்கிறது, பிறகு சர்க்கரை எப்படி இறங்கும் என்று கொதித்தார். கொதிப்புக்கு நடுவில் ஒரு நிம்மதியும் இருந்தது. குற்றவாளி அகப்பட்டுவிட்டானே.

டாக்டரைக் கேட்டிருக்கலாம். உத்திராபதியாவது, கேட்பதாவது. மாத்திரையை டம்ளர் அடியால் நசுக்கிப் பொடியாக்கி, மோரில் கலந்து, கசப்பில் முகம் கோணக் குடித்துத் தீர்த்தார். மறுநாள் எடைமேடைக்கு முன்னால் லாரி வரிசையில் நின்றபோது வயிறு கடமுடாவென்று புரட்டியது. டிப்பரை வரிசையிலேயே விட்டுவிட்டுக் கருவேலம் புதருக்கு ஓடினார். பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. அதற்கு அடுத்த நாளும் ஓடினார். உடம்பு சரியாகும்வரை வீட்டில் இருங்க என்று சூப்பர்வைசர் சொன்னதும்தான் பயம் பிடித்தது. சித்திரைக்கு முன்பே வேலை போய்விடும் போலிருந்தது.

பெரியநாயகியைக் கூட்டிக்கொண்டு டாக்டர் சிவராமனிடம் போனார். வெளியே வந்த மாத்திரை ஒன்றைக் கழுவிப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கையோடு கொண்டுபோயிருந்தார். டாக்டர் முகம் சுளிக்கவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு அதை நசுக்கினார். வெந்த ஜவ்வரிசி போலப் பிதுங்கியது.

"இது வெறும் கூடுங்க. மருந்து உள்ளயே எறங்கிடுச்சு," என்றார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். இந்த மாத்திரை வயிற்றில் ஊறிக் கொழகொழவென்று ஆகும். மருந்து அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து சிறுகுடல் வழியாக ரத்தத்தில் சேரும். கல்லீரலுக்குப் போய், அங்கிருந்து ரத்தத்துக்கு வருகிற சர்க்கரையைக் குறைக்கும். கடைசியில் கூடு மட்டும் வெளியே வரும். நசுக்கினால் மெல்ல இறங்க வேண்டிய மருந்தெல்லாம் ஒரேயடியாக இறங்கும், வயிறு அதனால்தான் கலங்கியது.

உத்திராபதி நிம்மதியடைந்திருக்க வேண்டும். மாறாக முகம் விழுந்துவிட்டது.

"அப்ப மருந்து ஒழுங்காத்தான் போயிருக்கு. பின்ன சக்கரை ஏங்க எறங்கல?"

வரிசையில் காத்திருக்கும்போது என்ன சாப்பிடுவீர்கள் என்று டாக்டர் கேட்டார். டீதான் என்றார் உத்திராபதி. ஜெகபர் சாதிக் மொபெட்டில் கேன் கட்டிக்கொண்டு வருவார், லோடு ஏற ஒன்று, எடைக்கு ஒன்று, கூட ஒரு பன் என்று விரல் மடக்கத் தொடங்கியவர், இடது கை தீர்ந்து வலது கைக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டார். பெரியநாயகி அவர் மடக்கிய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் உத்திராபதி பைக்கை ஓரமாக நிறுத்தினார்.

"ஒன் சமையல்ல தப்பு இல்ல."

"தேங்கா இல்லாத கொழம்ப நானுந்தாங்க தின்னேன்," என்றார் பெரியநாயகி. உத்திராபதிக்கு வெட்கமாக இருந்தது. அதுவரை அவர் சர்க்கரையோடு போராடியதாக நினைத்திருந்தார். போராடியது அவர் மனைவி.

அடுத்த வாரம் வரிசையில் ஜெகபர் சாதிக் கேட்காமலே டீயை ஊற்றி நீட்டினார். கேனிலேயே சர்க்கரை கலந்த டீ. வேண்டாம் என்று உத்திராபதி ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார். முதல் வாரம் தலைவலி மண்டையைப் பிளந்தது. எல்லாரிடமும் எரிந்து விழுந்தார். ஆனால் கண்ணாடியை இறக்கவில்லை. மாத்திரையை ராத்திரி முழுசாக விழுங்கினார். காலையில் முழுசாகக் கண்டாலும் பேசாமல் தண்ணீரை ஊற்றினார்.

சித்திரையில் ஏழு புள்ளி எட்டு வந்தது. பாஸில் கையெழுத்து விழுந்த அன்று, பக்கத்து வண்டி டிரைவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு, எங்களுக்கும் சொல்லுங்கண்ணே, எந்த மாத்திரைக்கு மாறினீங்க என்று பேர் கேட்டார்கள்.

"பழைய மாத்திரையேதாம்ப்பா," என்று சொல்லிவிட்டு உத்திராபதி வண்டியில் ஏறினார்.