வீட்டை விட்டுப் போகும் பாட்டு

பான்ஜோ நரம்பின் ‘டிங் டிங்’ எங்கே கேட்டாலும் இன்றைக்கும், மற்றவர்கள் காலால் தாளம் போடத் தொடங்க, என் கண் மட்டும் வாசற்கதவைத் தேடும்.

ஒஸ்லோ நகரின் புருசெத் பகுதியில், நாங்கள் ‘புளொக்’ என்று சொல்லும் அடுக்குமாடி ஒன்றில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினேழு. இளைஞர் கழகத்து நோர்வேப் பிள்ளைகள் மூவரோடு சேர்ந்து அவள் அமெரிக்க மாட்டுக்காரர் பாணியில், பான்ஜோவோடு, நோர்வே மொழியில் ஒரு கன்ட்ரி பாட்டுப் பாடி, அது தனிச் சிடியாகவும் வந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு வாசலிலோ, “சங்கீதம் பழகின பிள்ளை மாட்டுக்காரன்ரை பாட்டோ படிக்கிறது?” என்று ஒரு மாமி கேட்க, அப்பா அசடு வழியச் சிரித்து வைத்தார். அந்தக் கேலி எங்களைப் பெரிதாகச் சுடவில்லை.

சுட்டது, ஒரு மாலை குசினி வானொலியில் அந்தப் பாட்டு வந்தபோதுதான். அதுவரை மெட்டை மட்டும் கேட்டிருந்த அம்மா அன்றைக்குத்தான் சொற்களைக் கேட்டார். விடியமுன் போகிறேன் அம்மா, என்னைத் தேடாதே என்று அக்காவின் குரல் பாட, புட்டு அவிந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றார். அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா, யாழ்ப்பாணத்தில் அதே வயதில் ஒரு விடியற்காலை எவருக்கும் சொல்லாமல் இயக்கத்துக்குப் போனவர். பிறகு ஒரு செய்தியும் இல்லை.

அன்றிலிருந்து அம்மா அக்காவின் பனிச்சப்பாத்தைத் தன் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தார். இந்தப் பனிக்குள் வெறுங்காலோடு எவளும் வெளிக்கிடமாட்டாள் என்பது அவர் கணக்கு. அந்தப் பயம் எனக்கும் தொற்றி, அக்காவின் சட்டைக் கையைப் பிடித்தபடியே தூங்கினேன். ஏன் என்று அவள் கேட்டபோது சொல்லவும் பயந்தேன். சொன்னால் அந்த யோசனை அவளுக்கு உண்மையாகவே வந்துவிடுமோ என்று.

ஒரு காலை, அம்மா திருப்பி வைக்க மறந்த சப்பாத்தைத் தேடிக் களைத்த அக்காவுக்கு விஷயம் பிடிபட்டது.

“அம்மா, கன்ட்ரி எண்டா அப்பிடித்தான். ஆரெண்டாலும் வீட்டை விட்டுப் போவினம். அது சும்மா பாட்டு.”

“அப்ப, போனவள் திரும்பி வாற மாதிரியும் ஒரு அடி போடன்.”

“சிடி அடிச்சு முடிஞ்சுது. இனி மாத்தேலாது.”

அம்மா சப்பாத்தை எடுத்துக் கொடுத்தார்.

பனி கரைந்த பின் குடியிருப்பு விழாவில் அக்காவின் குழு பாடியது. அம்மா என் கையை இறுக்கிய இறுக்கில் விரல்கள் வெளுத்துவிட்டன. பாட்டு முடியும் இடத்தில் அக்கா மற்றவர்களைக் கையால் நிறுத்தினாள். மேளமடித்த பையன் விழித்துக்கொண்டிருக்க, தனியாக இன்னொரு அடி பாடினாள்: வந்துவிட்டேன் அம்மா, குளிராக இருக்கிறது, கதவைத் திற. எல்லோரும் கை தட்டினார்கள். அம்மா தட்டவில்லை, “உண்மையாத்தான் சொல்லுறாளோ?” என்று அப்பாவிடம் கேட்டார்.

அந்தக் குழு எப்போதோ கலைந்தது, சிடிக் கடைகளும் போய்விட்டன. அக்கா படிக்கப் போன தூர நகரான துரொண்ட்ஹெய்மிலேயே தங்கிவிட்டாள். விடுமுறைக்குத் தவறாமல் வருவாள். பாட்டு மட்டும் இணையத்தில் கிடக்கிறது. அம்மா சிலவேளை என்னிடம் போடச் சொல்லிக் கேட்பார். அதில் அந்தக் கடைசி அடி இல்லை. அவள் விடியமுன் போகிற இடம் வந்ததும், “காணும், நிப்பாட்டு” என்பார்.