பேட்டரி மூடியைத் திறந்தபோது

இன்வெர்ட்டர் பேட்டரி சர்வீஸுக்குப் போகிறவனுக்கு பெங்களூரு வீடுகளின் இருட்டு மூலையெல்லாம் அத்துப்படி. ஒழுங்கான இடத்தில் யாரும் பேட்டரியை வைப்பதில்லை. அடுத்தவர் வீட்டில் ஸ்பேனர் பிடித்துப் பிழைக்கும் தோழர்களே, உங்களுக்குத் தெரியாததா!

முட்டை வாசம்

அல்சூரில் ஒரு வீட்டுக்கார அம்மா, சுத்த சைவம். மாடியில் குடியிருந்த பெண் திருட்டுத்தனமாக முட்டை வேகவைக்கிறாள் என்று, வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அந்தப் பெண் அழுத கண்ணோடு படியில் நின்றிருந்தாள்.

நான் போனது வேறு வேலைக்கு. அம்மாவின் பேட்டரிக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் போதவில்லையாம். படிக்கட்டுக்கு அடியில் குனிந்ததுமே அழுகிய முட்டை நாற்றம். பேட்டரி கொதித்துக்கொண்டிருந்தது. சார்ஜை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்தேன்.

"அளவுக்கு மேல சார்ஜ் ஏறினா, ஆசிட்ல இருக்கற கந்தகத்தோட ஹைட்ரஜன் சேர்ந்துக்கும்மா. அந்த கேஸுக்கு இதே வாசம்தான். உடம்புக்கும் கெடுதல்."

அம்மா படிப்பக்கம் திரும்பினார்: "வாம்மா, காபி குடிச்சிட்டுப் போ. முட்டை சாப்பிட்டது நம்ம பேட்டரிதானாம்!"

மெழுகுவர்த்தி

சந்தாபுராவில், முன்பு கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர். மர அலமாரிக்குள் பேட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது. அலமாரி மேல் மாதா படம், எரியும் மெழுகுவர்த்தி. சார்ஜ் ஏறும்போது வரும் ஹைட்ரஜன் லேசானது, மேலே போகும். காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு கலந்து நெருப்பைப் பார்த்தால் வெடிக்கும். இன்ஜினியர்களிடமே இதைச் சொல்லி அரைமணி நேரம் வாதாடியிருக்கிறேன். இவரோ "இதுல கேஸ் வரும்" என்று நான் தொடங்கியதுமே ஊதி அணைத்துவிட்டார். படத்தை எதிர்ச் சுவருக்கு மாற்றினோம். அவர் மனைவி தயங்கினார்.

"மாதா கோவிச்சுக்க மாட்டாங்கடி, கேஸ்தான் கோவிச்சுக்கும்."

என் தப்பு

நீலசந்திராவில் ஒரு கெமிஸ்ட்ரி டீச்சர் வீடு. சார்ஜை நிறுத்திய கையோடு, காற்றாட விடாமல் ஸ்பேனரை வைத்தேன். அது இரண்டு முனைகளையும் தொட்டுவிட்டது. ஒரு பொறி. டப்பென்று மூடி பறந்து, ஆசிட் முகத்தில் அடித்தது. கண் எரிச்சலில் என் மகள் முகம்தான் நினைவுக்கு வந்தது. இனி அதைப் பார்ப்பேனா?

டீச்சர் என் பிடரியைப் பிடித்துக் குழாயடியில் தள்ளினார். கால்மணி நேரம் விடவில்லை. நான் கண்ணை இறுக்கி மூடுவதைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார்.

"ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்தா என்ன வரும், சொல்லுங்க?"

"தண்ணி, மேடம்."

"கரெக்ட். டப்புனு வெடிச்சு வந்ததும் அதுதான், இப்ப காப்பாத்தறதும் அதுதான். கண்ணை மூடாதீங்க!"

இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறது, வேலையும் பிடித்திருக்கிறது. ஆசிட் ஓட்டை விழாத சட்டைதான் என்னிடம் ஒன்றுகூட இல்லை.