சேவலுக்கும் மரச்சீனிக்கும் நடுவே ஒரு விளையாட்டுப் பெட்டி

நெய்யாற்றின்கரைக் கடைவீதியில் நான் தமிழில் கேட்டால் மலையாளத்தில் பதில் வருகிறது. மலையாளத்தில் கேட்டால் தமிழில் பதில் வருகிறது. முதல் ஆண்டில் இதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். என் மலையாளத்தை நிறுத்த அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை என்பது இரண்டாம் ஆண்டில்தான் புரிந்தது. தஞ்சாவூரில் ரயில் ஏறி, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் ஒரு மாநில எல்லையைத் தாண்டிய நான் என்னைப் புலம்பெயர்ந்தவன் என்று சொல்லிக்கொண்டால், துபாயிலும் டொரண்டோவிலும் இருக்கும் நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். போகிற இடத்தில் எல்லாமே வேறு என்று அவர்களுக்கு விமானத்திலேயே தெரிந்துவிடுகிறது. எல்லை தாண்டியதும் வரும் பாறசாலை பார்வைக்கு நம்மூர் மாதிரியே இருக்கும். காலை வைத்த பிறகுதான் வேறு என்று தெரியும்.

மகள் இங்கே ஒரு பழைய கிறிஸ்தவ மிஷன் சபைக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஓய்வு பெற்றதும் அவளுக்கு அருகில் இருக்கலாம் என்று நானும் என் மனைவி கமலாவும் வந்தோம். எங்கள் வாடகை வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு ரப்பர் தோட்டம்தான். பேரப்பிள்ளைகள் அந்தத் தோட்டத்தைத் தாண்டுவதில்லை. ஏழு வயது ஜெபினுக்கும் ஐந்து வயது ஆன்சிக்கும் அங்கேயே ஓர் அப்பூப்பன் உண்டு, என் சம்பந்தி ஞானதாஸ். அவரிடம் ஒரு பசு, ஏராளமான கோழிகள், ஒரு மீன் தொட்டி, கையைத் தொடாமல் காதை ஆட்டும் திறமை ஆகியவை இருக்கின்றன. என்னிடம் இருப்பது பிழையில்லாத எழுத்து. ஒரு விடுமுறையில் வந்த பிள்ளைகளைக் கையெழுத்துப் பயிற்சிக்கு உட்கார வைத்தேன். அடுத்த விடுமுறைக்கு வரவில்லை. ஒரு சனிக்கிழமையாவது அவர்கள் தாமாக ஓடிவந்து என் கதவைத் தட்ட வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்காகத்தான் வீடியோ கேம் பெட்டி. அதை என் வீட்டு டிவியில் பொருத்துவது, வெளியே எடுத்துச் செல்ல அனுமதிப்பதில்லை என்பது திட்டம்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசு அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில் இருந்தவன் நான். ஒருமுறை மேலதிகாரியின் அறைக்கு மின்விசிறி கேட்டுக் குறிப்பு வந்தது. தேவைச் சான்று, மூன்று விலைப்புள்ளிகள், ஒப்பீட்டுப் பட்டியல் எல்லாம் முடிந்து விசிறி வந்து சேர்ந்தபோது அவர் மாற்றலாகி, அடுத்தவரும் மாற்றலாகி, மூன்றாவதாக வந்தவருக்குக் காற்றே ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் தணிக்கையில் ஒரு கேள்விகூட வரவில்லை. அதே முறையில்தான் இதையும் தொடங்கினேன். நெய்யாற்றின்கரையில் ஒரு கடை, உதியன்குளங்கரையில் ஒன்று, எல்லைக்கு அந்தப் பக்கம் மார்த்தாண்டத்தில் ஒன்று. பெரிய தாளில் கட்டம் போட்டேன். கையில் வைத்து ஆடுவதா, டிவியில் பொருத்துவதா? கன்ட்ரோலர் ஒன்றா, இரண்டா? சுடுவது உண்டா? மின்சாரம் போய் வந்தால் ஆட்டம் எங்கிருந்து தொடரும்?

"பொம்மை வாங்கப் போறீங்களா, அணை கட்டப் போறீங்களா?" என்றாள் கமலா.

நெய்யாற்றின்கரைக் கடையில் விற்பனைப் பெண் பொறுமைசாலி. "கார் ஓட்டுறதாக்கும் சாரே. ஒண்ணு ஓட்டி நோக்குங்க" என்று கன்ட்ரோலரைக் கையில் கொடுத்துவிட்டாள். நான் இடப்பக்கம் ஒதுங்கி, திருப்பங்களில் வேகம் குறைத்து ஓட்டினேன். திரையில் காரோட்டி வந்த ஒரு பன்றி என்னை முந்திக்கொண்டு போனது. பிறகு ஒரு தவளை.

"சாரே, எதுக்கு நிறுத்திப்போட்டீங்க?"

"சந்திப்பு வருதும்மா. வலப்பக்கம் வண்டி வருதான்னு பாக்கறேன்."

"இது ரேஸாக்கும் சாரே!"

"இருக்கட்டும். லைசென்ஸ் என் பேர்லதானே இருக்கு?"

நான் எல்லைக்கோட்டை அடைந்தபோது தவளை கோப்பையை வாங்கி முடித்திருந்தது. அந்தப் பெண் ரொம்பவும் மென்மையாகக் கேட்டாள்: "இது பேரப்பிள்ளைகளுக்குத்தானே? சாருக்கு இல்லல்லோ?" பிள்ளைகள் இருவர் என்பதால் கன்ட்ரோலர் இரண்டு. சுடுவது இல்லை. ஒப்பீட்டுப் பட்டியலில் அந்தக் கடையே முதலிடம் பெற்றது.

பெட்டியை வாங்கி வந்த அன்று ஞானதாஸ் வாசலில் நின்று சொன்னார்: "ஞாயித்துக்கிழமை அறுப்பின் பண்டிகையாக்கும் சாரே. புதுசா என்னத்த வந்தாலும் முதல்ல ஆலயத்துல கொண்டு வைக்கணும். அதாக்கும் இஞ்ச உள்ள வழக்கம்." இதில் எனக்கு விளக்க என்ன இருக்கிறது? தஞ்சாவூரில் என் முதல் ஸ்கூட்டரைக் கோயில் வாசலில் நிறுத்தி, மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, பொட்டோடு வீட்டுக்கு ஓட்டி வந்தவன் நான். தெய்வம் வேறாக இருக்கலாம், நடைமுறை ஒன்றுதானே என்று எண்ணினேன். ஞாயிறன்று ஊரார் தங்கள் விளைச்சலைக் கொண்டுவந்து வைத்தார்கள். நானும் பெட்டிக்கு வண்ணத்தாள் சுற்றி, பட்டு நாடா கட்டி, பீடத்துக்கு முன்னால் ஒரு சேவலுக்கும் மரச்சீனிக் கிழங்குக் குவியலுக்கும் நடுவே வைத்தேன். ஜெபினும் ஆன்சியும் முன்வரிசைப் பாயில் இருந்து பார்த்தார்கள். ஞானதாஸின் கண் கலங்கிவிட்டது. "சாருக்கு என்னா பெரிய மனசு" என்றார். பேரப்பிள்ளைகளுக்கு வாங்கியதற்கு இவ்வளவு உருக வேண்டுமா என்று நினைத்தேன்.

ஆராதனை முடிந்து பந்தலில் கூடினோம். ரெத்தினம் என்ற கமிட்டிக்காரர் மைக்கைப் பிடித்துச் சேவலை ஏலம் விட்டார். அடுத்து மரச்சீனி. பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று நான் எழுந்தபோது, அதை அவர் தலைக்கு மேலே தூக்கினார்.

"அடுத்தது நம்ம ஞானதாசுக்க சம்பந்தி சார் படைச்சது. வீடியோ கேமாக்கும் மக்கா! பெட்டி இன்னும் பிரிக்கல்ல! யாரு கேக்குது?"

பக்கத்திலிருந்தவரிடம் இது ஏன் ஏலத்துக்குப் போகிறது என்று கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "படைச்சா லேலம் விளிக்கணும்லா. திரும்பக் கொண்டுபோறதுக்கு இது என்ன, அடகுக் கடையா?"

எங்கள் கோயில் வாசலில் என் ஸ்கூட்டரை யாரும் ஏலம் விடவில்லை. ஆனால் அதைச் சொல்ல நேரமில்லை. பாயிலிருந்து ஆன்சி அழத் தயாராகிக்கொண்டிருந்தாள். நான் கையைத் தூக்கி ஒரு தொகை சொன்னேன். தொங்கவிட்டிருந்த வாழைக்குலைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் அதைவிடக் கூட்டிச் சொன்னது. நான் ஏற்றினேன். குலை ஏற்றியது. ஒலிபெருக்கியின் இரைச்சலில் குரல் யாருடையது என்று பிடிபடவில்லை. கடை விலை எப்போதோ பின்னால் போய்விட்டது. ரெத்தினத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கூட்டம் இரண்டாகப் பிரிந்து கத்தியது. "விடாத சாரே!" "எலே, குலைக்குப் பின்னால நிக்கிறவனே, நீயும் விடாத!"

அங்கேதான் என் முப்பத்திரண்டு ஆண்டு அனுபவம் விழித்துக்கொண்டது. எழுந்து நின்றேன். "ஐயா, ஒரு விளக்கம். ஒவ்வொரு கேள்விக்கும் குறைந்தது எவ்வளவு கூட்ட வேண்டும் என்று முன்கூட்டியே அறிவிக்கவில்லை. மேலும், முகத்தைக் காட்டாமல் கேட்பது..."

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" என்றார் ரெத்தினம்.

வாழைக்குலைகளை விலக்கிக்கொண்டு ஞானதாஸ் வெளியே வந்தார். பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, வியர்க்க வியர்க்க என்னிடம் ஓடி வந்தார். "சாரே, பிள்ளையளுக்க முகத்தப் பாத்து மனசு தாங்கல்ல. ஒரு படுபாவி விடாம ஏத்திட்டே இருந்தான். எப்பிடியோ மீட்டுட்டேன்!"

"அந்தப் படுபாவி நான்தான்" என்றேன்.

பந்தல் முழுதும் சிரித்தது. அவரும் சிரித்தார். அவருடைய காதுகள் தாமாகவே ஆடின. பெட்டி தலையிலேயே இருக்க, பிள்ளைகள் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள். எந்தச் சட்டப்படி பார்த்தாலும் பெட்டி அவருடையது. நான் பின்னால், அவிழ்ந்து விழுந்த நாடாவைச் சுருட்டிக்கொண்டு நடந்தேன்.

அடுத்த சனிக்கிழமை காலை என் கதவு தட்டப்பட்டது. இரண்டு பேரும் மூச்சு வாங்க நின்றார்கள். "தாத்தா, டிவியில ஒண்ணும் வரல்ல. அப்பூப்பன் எல்லா வயரும் குத்திப் பாத்தாச்சு. வாங்க!" நினைத்தபடி ஓடி வந்தார்கள், நினைத்தபடி தட்டினார்கள். ஆனால் என் வீட்டுக்கு வரவில்லை, என்னைக் கொண்டுபோக வந்திருந்தார்கள். விளக்கக் கையேட்டைக் கடையிலேயே வாங்கி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவன் இந்தப் பஞ்சாயத்திலேயே நான் ஒருவன்தான். அன்று போனேன். அதன் பிறகு எல்லாச் சனிக்கிழமையும் போகிறேன்.

போன வாரம் ஆன்சி, பெட்டியிலிருந்த இன்னோர் ஆட்டத்தில், திரையில் ஓர் ஊர் கட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் ஆறு ஓடியது. இந்தக் கரையில் அப்பூப்பன் வீடு, பசு, கோழிகள், ஆலயம். அந்தக் கரையில் ஒரு கோபுரமும் ஒரு தென்னையும் மட்டும் நின்றன. அது தஞ்சாவூராம்.

"தாத்தாக்க வீட்ட எங்க வைக்கணும்?"

நான் யோசிப்பதற்குள் அவளே பேசினாள். "அங்க வச்சா நீங்க வாறதுக்கு ரொம்ப நேரமாவும். இஞ்ச இடம் இல்ல, கோழி நிக்குது." வீட்டைத் தூக்கி ஆற்றின் நட்டநடுவில் வைத்தாள்.

"மக்கா, ஆத்துலயா வீடு? வெள்ளம் வந்தா சார் ஒழுகிப் போயிருவாரு" என்றார் ஞானதாஸ்.

ஆற்றுப் புறம்போக்கு. பட்டா கிடைக்காது, கதவு எண் கிடைக்காது, மின் இணைப்பு கிடைக்காது, நோட்டீஸ் ஒட்டி இடித்துவிடுவார்கள். எந்த விதியின் கீழ் என்பதுகூட எனக்கு மனப்பாடம். வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டு, "வாசல் எந்தப் பக்கம் வைப்பே?" என்று கேட்டேன்.

அவள் சற்று யோசித்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு கதவு வைத்தாள். "ஜன்னலுக்கு இடம் இல்ல தாத்தா."

"வேண்டாம் கண்ணு. இது போதும்."

அவள் பொத்தானை அழுத்தினாள். வழுக்கைத் தலையும் கண்ணாடியுமாக ஒரு சின்ன உருவம் அந்தக் கதவு வழியாகக் கோபுரத்தைப் பார்க்க வெளியே வந்தது, உள்ளே போனது, இந்தக் கதவு வழியாகக் கோழிகளைப் பார்க்க வெளியே வந்தது, மறுபடியும் உள்ளே போனது. யாரும் நிறுத்தவில்லை.