பாலில் ஏடு காணோம்

முத்துச்செல்வியின் குழந்தைக்கு எடை ஏறவில்லை. அந்த வாரம் வார்டில் எல்லோருக்கும் அதே கவலை.

நான் குறைமாதக் குழந்தைகள் வார்டில் ஆயா. பால் ரூம் என் பொறுப்பு. வீட்டிலிருந்து வரும் தாய்ப்பாலை வாங்கி, பெயர் ஒட்டி, ஃபிரிட்ஜில் வைப்பேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

முத்துச்செல்விக்குத் தூத்துக்குடிப் பக்கம். இங்கே மண்ணரை என்ற பகுதியில் குடியிருந்தாள். பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வந்த பீஸில் பிசிறு வெட்டி, பஞ்சு எடுத்து, டேமேஜைத் தனியாகப் போடுவாள். ஆபரேஷன் ஆன உடம்பு என்பதால் வீட்டிலேயே பால் எடுத்து வைப்பாள். காலையில் புருஷன் ஐஸ் பாக்ஸில் கொண்டுவருவார். சாயங்காலம் அவள் வந்து பிள்ளையைப் பார்ப்பாள்.

பாலுக்குக் குறைவில்லை. குறைமாதப் பிள்ளை வளரக் கூடுதல் சத்து வேண்டும் என்று, டாக்டர் சொன்னபடி சிஸ்டர் அதில் பவுடரும் கலந்தார். அப்படியும் எடை நின்ற இடத்திலேயே நின்றது. டாக்டர் டின் பால் பற்றிப் பேசினார். அது அவள் காதில் விழுந்துவிட்டது.

"எம் பால்ல சத்து இல்லியோக்கா? எங்க மாமியாரு அப்படித்தான் சொல்லுதாவ."

"உங்க மாமியா என்ன டாக்டருக்குப் படிச்சிருக்காங்களா? அழுவாத கண்ணு."

அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

மறுநாள் சிஸ்டர் ஃபிரிட்ஜைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"ஏனுங்கக்கா, இங்க பாருங்க. எல்லார் பால்லயும் மேல ஏடு நிக்குது. இந்தப் புள்ளை பால்ல மட்டும் காணோமுங்க."

"தண்ணி கலக்கறாளோ?" என்றேன்.

"அப்படிக் கேட்டுப்போடாதீங்க. நாளைக்கிப் பாலே வராது."

சாயங்காலம் அவளை உட்கார வைத்து, "ஊட்டுல பால் எப்படி எடுக்கறே கண்ணு? மொதல்லருந்து சொல்லு" என்றார் சிஸ்டர்.

"கை கழுவிட்டுக் கிண்ணத்துல எடுப்பேன். ஃபிரிட்ஜில வைப்பேன். காலையில வடிகட்டிப் பாட்டில்ல ஊத்துவேன்."

"வடிகட்டியா?"

"பின்னே? எங்க வீட்டுக்குக் கீழ பூரா பவர் டேபிளு தையல் மிசினு. தைக்கத் தைக்கப் பஞ்சு பறக்கும்லா. பிள்ளை வயித்துல பஞ்சு போனா என்ன ஆவது? புது பனியன் துணிய வெந்நில அலசி, ரெண்டா மடிச்சு வடிகட்டுதேன். சுத்தமா வந்துரும்."

"துணியில என்ன நிக்குது?"

"மஞ்சளா, வழுவழுன்னு அழுக்கு..."

"அது அழுக்கில்ல கண்ணு. பால்ல இருக்கற கொழுப்பு. புள்ளைக்கு எடை ஏத்தறதே அதுதான்."

குளிர்ந்த பாலில் கொழுப்பு மேலே திரண்டுவிடும். அது முழுக்கத் துணியிலேயே போயிருக்கிறது.

அழுவாள் என்று நினைத்தேன். தலையில் அடித்துக்கொண்டாள். "நல்ல பீஸைத் தூக்கி டேமேஜ்ல போட்டிருக்கேனே! கம்பெனில செஞ்சா சூப்பர்வைசர் தோலை உரிச்சிருவான்."

"பாலுக்குச் செக்கிங் வேண்டாம் சாமி. அப்படியே பேக் பண்ணி அனுப்பு" என்றார் சிஸ்டர். அவளும் சிரித்துவிட்டாள்.

அதன்பிறகு, கொதிக்க வைத்த பாட்டிலிலேயே நேராக எடுத்து உடனே மூடினாள். ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ரூமில் எடுத்தாள். இங்கே நாங்கள் பாட்டிலைக் குலுக்காமல் மெல்லச் சுழற்றி, ஏடு கலந்த பிறகுதான் அளந்து ஊற்றினோம். எடை மெதுவாக ஏறத் தொடங்கியது. டின் பால் பேச்சு நின்றது. பிள்ளை தாய்ப்பாலிலேயே தேறி வீட்டுக்குப் போனது.

இப்போது யார் பால் கொண்டுவந்தாலும், வீட்டில் எப்படி எடுத்தீர்கள் என்று முதலிலிருந்து சொல்லச் சொல்வேன். குறுக்கே பேச மாட்டேன். அன்று அவளிடம் தண்ணீர் கலந்தாயா என்று கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள். அது உண்மை. பிள்ளைக்கு எடை மட்டும் ஏறியிருக்காது.