'விடு' என்ற சொல்

எங்கள் அணியில் ஒரு சட்டம் உண்டு. மைதானத்துக்குள் யாரும் 'விடு' என்று கத்தக் கூடாது. கத்தினால் நாலு சுற்று ஓட வேண்டும். கோல் காப்பாளர் தானே பந்தைப் பிடிக்கப் போகிறான் என்றால் 'என்ட' என்று கத்துவான், பந்து என்னுடையது என்று அர்த்தம். பின்வரிசைக்காரன் அடிக்க வேண்டுமென்றால் 'அடி'. எனக்கு விட்டுவிடு என்பதும் விடுதான், அடிச்சு விடு என்பதும் விடுதான். அவசரத்தில் எவன் எதைக் கண்டான்? புளியந்தீவில் பயிற்றுவிப்பாளரான பிறகு நான் போட்ட முதல் சட்டம் இது. மற்ற ஊர்ப் பயிற்றுவிப்பாளர்களும் இதைக் கொண்டுபோய்த் தங்கள் அணிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அனுபவப்பட்ட ஆள் என்று என்னைப் புகழ்ந்தார்கள். நானும் தலையை ஆட்டிக்கொண்டு இருந்தேன்.

அந்த அனுபவம் இதுதான். எட்டு வருடம் கொழும்பில் ஒரு கழகத்துக்குச் சம்பளத்துக்கு உதைபந்து ஆடினேன். எனது இடம் பின்வரிசை. எனக்குப் பின்னால் கோல் வாசலில் நின்றவன் காத்தான்குடிக்காரன். மற்ற ஒன்பது பேருக்கும் கோச்சுக்கும் சிங்களம். நாங்கள் இரண்டு பேரும் மட்டும் தமிழில் கத்திக்கொள்வோம். எதிரணிக்கு விளங்காது என்பதால் கோச்சும் அதைத் தடுக்கவில்லை. ஒரே அறையில்தான் தங்கினோம். நோன்பு மாதத்தில், அவன் நோன்பு திறக்கும்வரை நானும் சாப்பிடுவதில்லை என்று பெருமையாகச் சொல்லிவிட்டுக் களவாகச் சீனி தூவிய பணிஸ் தின்பேன். வாயில் ஒட்டியிருக்கும் சீனியைப் பார்த்து அவன் சிரிப்பான். ஒரு நாளும் கேட்டதில்லை.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு ஓர் ஆட்டம். தேசிய அணிக்கு ஆட்களைத் தெரிவு செய்கிறவர்கள் பவிலியனில் வந்து இருந்தார்கள். எங்கள் கோலை நோக்கி உயரமாக ஒரு பந்து வந்தது. பின்னாலிருந்து அவன் 'விடு' என்றான். அவன் பிடிக்கப் போகிறான், நான் ஒதுங்க வேண்டும். எட்டு வருடமாக எங்களுக்குள் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமே இருந்ததில்லை. ஆனால் பவிலியனில் இருந்தவர்களின் கண்ணில் பட வேண்டும் என்று எனக்கு ஆசை. பாய்ந்தேன். அவனும் பாய்ந்து வந்திருந்தான். மோதி விழுந்ததில் என் முழங்கால் திருகிக்கொண்டது. பந்து உருண்டு எங்கள் கோலுக்குள்ளேயே போனது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து, அவன் என்ன சொல்லிக் கத்தினான் என்று கோச் கேட்டார். 'விடு' என்றான், தமிழில் அதற்கு அடித்து வெளியே அனுப்பு என்று அர்த்தம் என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் தமிழையே கோணலாக்கினேன். திருத்திச் சொல்ல அங்கே வேறு தமிழ் ஆள் இல்லை. அவன் மட்டும் கதவோரம் நின்றான். சிங்களம் அவனுக்கும் விளங்கும், ஆனாலும் வாய் திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்துத் தனியே வந்து, தான்தான் இன்னும் விளக்கமாகக் கத்தியிருக்க வேண்டும் என்று சொல்லி அழுதான். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். முழங்கால் போன ஆத்திரத்தை யார் தலையிலாவது கட்ட வேண்டியிருந்தது, கட்டிவிட்டேன்.

அதோடு அவன் ஆடுவதை நிறுத்திவிட்டு ஊருக்கு வந்து, இடுப்பில் கட்டுகிற சாரன் விற்கும் கடை போட்டான். எங்கள் கோல் காப்பாளர்களைப் பழக்க வரும்படி இரண்டு தரம் கேட்டுப் பார்த்தேன். தன் சத்தத்தில் தனக்கே நம்பிக்கை இல்லை என்று சிரித்துச் சமாளித்தான். கேட்கும்போது நெஞ்சு குத்தியது உண்மை. பிறகு அடுத்த ஆட்டம் வரும், மறந்துவிடுவேன்.

போன மாதம் பயிற்சி ஆட்டம் ஒன்று. கரடியனாற்றிலிருந்து வரும் எங்கள் பின்வரிசைக்காரன் மேசன் வேலை செய்பவன், எங்களில் திறமான ஆட்டக்காரன். கோல் காப்பாளர் 'என்ட' என்று கத்தியது வெளிக்கோட்டில் நின்ற எனக்கே கேட்டது. இவன் பாய்ந்தான். கோல் காப்பாளரின் மூக்கு உடைந்து இரத்தம் கொட்டியது. ஓடிப்போய், ஏன் பாய்ந்தாய் என்று சட்டையைப் பிடித்தேன்.

"கேக்கல்ல சேர்," என்றான்.

கேட்டிருக்கிறது. முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. பொய்யன் என்று கத்தத்தான் வாயெடுத்தேன். அந்த முகம் எனக்குப் புதிதல்ல. அவன் சட்டையை விட்டுவிட்டு, மூக்கு உடைந்தவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அடுத்த நாள் பின்னேரம் கல்லடிப் பாலத்தைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் காத்தான்குடிக்குப் போனேன்.

அவன் பின்னேர அஸர் தொழுகை முடித்து வந்து கடையில் சாரன் மடித்துக்கொண்டிருந்தான். எனக்கு ஒரு கோப்பை பிளேன்டி வரவழைத்தான். அதைத் தொடுவதற்கு முன் சொல்லிவிட்டேன்.

"அண்டைக்கு நீ விடு எண்டது எனக்குக் கேட்டது மச்சான். விலகச் சொல்றாய் எண்டும் விளங்கினது. நான்தான் பாய்ஞ்சன்."

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. ஏசுவான், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் வந்திருந்தேன். அவன் கேட்டது வேறு.

"தெளிவாக் கேட்டதா?"

ஓம் என்றேன்.

"அப்ப நான் சரியாத்தான் கத்தியிருக்கன்."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, கையிலிருந்த சாரனைப் பார்த்துச் சொன்னான். இன்னொரு தரமும் அதையே மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். அவன் கண் கலங்கிவிட்டது. கால் போனவன் என்று ஊரெல்லாம் என்மேல் இரக்கப்பட்டது. நானும் கூச்சமில்லாமல் அதை வாங்கிக்கொண்டு திரிந்தேன். இவனோ பன்னிரண்டு வருடமாகத் தன் குரலைச் சந்தேகித்துக்கொண்டு இந்தக் கடைக்குள் இருந்திருக்கிறான். எனக்குத் தாங்கவில்லை. அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன்.

"விடு," என்றான்.

கையை விடச் சொன்னானா, நடந்ததை விடச் சொன்னானா தெரியவில்லை. இந்த முறை அதற்கு அர்த்தம் சொல்ல நான் போகவில்லை. கையை விட்டேன்.