கடப்பாக்கத்தில் திரும்பாத கார்

முப்பத்தோரு வருடம் சர்வேயராக வேலை பார்த்தவன் நான். செங்கல்பட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் நான் சங்கிலி போட்டு அளக்காத வரப்பு குறைவு. அண்ணன் தம்பி சண்டையில் எல்லைக்கல்லைப் பிடுங்கி எறிந்திருப்பார்கள். நான் போய்ப் புலப்படத்தை விரித்து, "படத்துல இன்னா கீதோ அதான்" என்று சொல்லி மறுபடியும் கல்லை நட்டுவிட்டு வருவேன். திட்டுவார்கள், ஆனால் கடைசியில் படத்துக்குக் கட்டுப்படுவார்கள். அதனால் படம் என்றால் எனக்கு ஒரு மரியாதை.

புதுக் கார் வாங்கும்போது எல்லோரும் மைலேஜ் எவ்வளவு என்று கேட்டார்கள். நான் முன்னால் இருக்கிற திரை எவ்வளவு பெரியது என்று கேட்டேன். போனை இணைத்தால் போதும், திரையில் நீலக் கோடு வரும், ஒரு பெண் குரல் தமிழில் வழி சொல்லும். என் மனைவி அந்தக் குரலுக்கு 'திரைக்காரி' என்று பெயர் வைத்தாள்.

"கட்டிக்கினு வந்த நாளா நான் வழி சொல்றேன், ஒண்ணும் காதுல ஏறல. அவ எரநூறு மீட்டர்ல இடது பக்கம்னா ஒடனே வண்டிய ஒடிக்கிறீங்க" என்பாள்.

திரைக்காரியிடம் குறை இல்லாமல் இல்லை. அறுவடை மாதத்தில் எங்கள் பக்கத்து ஊர் ரோடுகளில் பாதி அகலத்துக்கு நெல் காயும். அவளுக்கு அது ரோடு. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிகிற நாட்களில் தரைப்பாலத்தின் மேல் முழங்கால் அளவு தண்ணீர் ஓடும். அவளுக்கு அதுவும் ரோடு. மகள் பொத்தேரியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது ஒருமுறை அழைத்து வரப் போனேன். ஒரு சந்துக்குள் கொண்டுபோய் நிறுத்தி, சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள் என்றாள். எதிரே பத்தடி மதில்சுவர். அந்தப் பக்கத்திலிருந்து மகள், "அப்பா, ஹார்ன் கேக்குது, ஆளத்தான் காணோம்" என்று கத்தினாள். பக்கத்து டீக்கடையில் இருந்த மாணவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அப்போதும் நான் திரைக்காரியை விட்டுக்கொடுக்கவில்லை. படம் வேறு, அன்றன்றைக்கு உள்ள நிலவரம் வேறு என்று அவளுக்காக வாதாடினேன்.

அந்தப் பொத்தேரியில்தான் மகள் தன்னோடு படித்த பையனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னாள். கடப்பாக்கம் பக்கத்தில் ஒரு குப்பம். அப்பா மீன்பிடிக்கிறவர். பையன் நல்ல வேலையில் இருந்தான். நான் முடியாது என்றேன். நமக்கு ஏரியும் நெல்லும், அவர்களுக்குக் கடலும் வலையும், ஒத்துவராது என்று காரணம் சொன்னேன். வெளியே சொன்ன காரணம் அது. உண்மையில் என் அண்ணனும் பங்காளிகளும் என்ன பேசுவார்களோ என்ற பயம்தான். மகள் சண்டை போடவில்லை, அழவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள், அறைக்குள் போனாள். பதினோரு மாதம் அப்படியே போனது. ஒரு நாள் அவள் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "குட் நைட்பா" என்று எப்போதும் போலச் சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. மறுநாள் நானே பையனின் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போவது ஒரு சடங்கு. பெண் வரமாட்டாள். வெற்றிலை பாக்குத் தட்டு மாற்றுகிறவரை அங்கே ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டோம். தட்டு மாற்றி, அவர்கள் வீட்டு இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். வருகிறேன் என்று சொல்லிவிட்டு நல்ல நேரத்துக்குள் வராமல் போனால் அதற்கும் ஓர் அர்த்தம் உண்டு. அதிலும் பதினோரு மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த அப்பன் வரவில்லை என்றால், அதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. நாங்கள் குறித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாற வேண்டும்.

அன்று காலை ஆறு மணிக்குப் பையனின் அப்பாவுக்குப் போன் செய்தேன். "சம்பந்தி, லொகேஷன் ஒண்ணு அனுப்பிடறீங்களா?"

"தோ, இப்பவே அனுப்பறேன் சம்பந்தி" என்றார். பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. கிணற்று மோட்டார் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நிமிடத்தில் போனுக்குச் சிவப்புப் புள்ளி வந்தது. அப்படியே திரைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டேன்.

ஒன்றே காலுக்குக் கிளம்பினோம். முன்னால் நானும் மனைவியும். பின்னால் என் அண்ணனும் அண்ணியும், அவர்கள் மடியிலும் நடுவிலுமாக ஏழு தட்டுகள். அண்ணனை வரவழைக்கவே எனக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது. முறைக்காக வருகிறேன், மனசுக்காக இல்லை என்று சொல்லித்தான் ஏறினார். திருக்கழுக்குன்றம் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலை பிடித்து, பாலாற்றுப் பாலம் ஏறி இறங்கினோம். கூவத்தூரில் பூ வாங்க நிறுத்தினோம். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

மூன்று மணிக்குக் கடப்பாக்கம் வந்தது. நீலக் கோடு நேராகப் போனது. நானும் நேராகப் போனேன்.

"இன்னாங்க, கடப்பாக்கம் போர்டு போச்சே" என்றாள் மனைவி. "அங்க செவப்பு ஹெல்மெட் போட்டுகினு ஒரு பையன் பைக்கோட நின்னான். கைய காட்டினான், பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "லிஃப்ட் கேக்கறவனா இருக்கும்" என்றேன்.

"பைக் வச்சிருக்கறவன் ஏன் லிஃப்ட் கேக்கறான்?"

பின்னாலிருந்து அண்ணன், "டேய், கடப்பாக்கம்னுதான சொன்ன?" என்றார்.

"உள்ளார வேற வழி காட்டுதுண்ணா. அவங்க குப்பம் கொஞ்சம் தள்ளி இருக்கும்" என்றேன். படத்தைப் படிக்கத் தெரிந்தவன் என்ற திமிர் அப்படிப் பேச வைத்தது.

ஒரு பாலம் தாண்டினோம். இடது பக்கம் திரும்பச் சொன்னாள் திரைக்காரி. தார் ரோடு சிமெண்ட் ரோடானது, சிமெண்ட் ரோடு செம்மண்ணானது, அப்புறம் இரண்டு பக்கமும் உப்பளம், நடுவில் கார் அளவுக்கு ஒரு கரை. மனைவி பேச்சை நிறுத்திவிட்டாள். அவள் பேசுவதைவிட அதுதான் எனக்குப் பயம். மூன்று நாற்பதுக்குக் கரை முடிந்தது. சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள் என்றாள் திரைக்காரி, அதே குரலில், மதில்சுவர் முன்னால் சொன்னது போலவே.

எதிரே கழிமுகம். அகலமான தண்ணீர். அந்தக் கரையில், இடது கைப்பக்கம் தள்ளி, ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த சுவர் தெரிந்தது. அதற்கு இந்தண்டை தென்னை மரங்கள், வீடுகள், மஞ்சளும் சிவப்புமாக ஒரு பந்தல். ஸ்பீக்கரில் போட்ட நாதஸ்வரம் காற்று வாட்டத்தில் வந்து வந்து போனது. எங்களுக்காகத்தான் போட்டிருந்தார்கள்.

திரையைச் சுருக்கிப் பார்த்தேன். காலையிலேயே பார்த்திருக்க வேண்டும். புள்ளி ஊரிலேயே இல்லை. நீலத்துக்கு நடுவில், கரையை விட்டுத் தள்ளி, கடலில் இருந்தது. கடலுக்குள் கார் போகாது என்பது மட்டும் திரைக்காரிக்குத் தெரியும். ஆகவே அந்தப் புள்ளிக்கு எந்த ரோட்டின் முனை கிட்டத்தில் இருக்கிறதோ அங்கே கொண்டுவந்து விட்டாள். கேட்டதைக் கொடுத்தாள், அவ்வளவுதான். நாம் எதற்காகப் போகிறோம், அங்கே யார் காத்திருக்கிறார்கள், இந்தப் புள்ளி சரிதானா என்று கேட்கிற வேலை அவளுடையது இல்லை. அது சர்வேயருடைய வேலை.

கரையில் காரைத் திருப்ப இடமில்லை. ஒரு கிலோமீட்டர் ரிவர்ஸில் போய், ரோடு பிடித்து, பாலம் ஏறி, கடப்பாக்கம் போய்த் திரும்பினால் நாலரை தாண்டிவிடும்.

அண்ணன் இறங்கித் தண்ணீரைப் பார்த்தார். "இதுக்கு மேல இன்னா சகுனம் வேணும்? பேசாம வூட்டுக்குத் திரும்பிடலாம்டா. வழி தெரியலன்னு சொல்லிக்கலாம்" என்றார்.

அந்தப் பதினோரு மாதத்தில் எனக்கு அப்படி ஒரு சாக்குக் கிடைத்திருந்தால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பேன். இப்போது அதைக் கேட்கக்கூடப் பிடிக்கவில்லை. அந்தப் பந்தலுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்படுகிறேன் என்பது எனக்கே அந்த நிமிடம்தான் தெரிந்தது. வீட்டில் மகள் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

சம்பந்திக்குப் போன் போட்டேன். "சம்பந்தி, தப்பா நெனைக்காதீங்க. நாங்க தண்ணிக்கு இந்தப் பக்கம் நிக்கறோம்."

பந்தலிலிருந்து ஓர் ஆள் வெளியே வந்து நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது தெரிந்தது. "வெள்ள காரா? தோ, தெரியுது! இன்னா சம்பந்தி, உப்பளத்தாண்ட போய் நின்னுகினு கீறீங்க?"

"நீங்க அனுப்புன லொகேஷன்தான்."

"ஐயையோ" என்றார். "காத்தால நான் போட்லதான இருந்தேன்! ராத்திரி வுட்ட வலைய எடுக்கப் போய்ட்டேன். எங்காளுங்கள்ல லொகேஷன் அனுப்புன்னா, இப்ப எங்க கீறோமோ அத்தான் அனுப்புவோம். வலை எங்க கீதுன்னு மத்த போட்டுக்குத் தெரியணும்ல. பழக்கத்துல அமுக்கிட்டேன் சம்பந்தி." பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அங்கியே இருங்க. நான் வரேன்."

காலையில் கேட்ட மோட்டார் சத்தம் மறுபடியும் கேட்டது. இந்தத் தடவை தண்ணீர் மேலேயே வந்தது. ஃபைபர் படகில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் தொடைவரை மடித்துக் கட்டிய பட்டுக்கரை வேட்டியுமாக, என் சம்பந்தி. முதன்முதலாக நேரில் அப்படித்தான் பார்த்தேன். முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, ஏழு தட்டையும் ஒவ்வொன்றாக வாங்கிப் படகில் வைத்தார். அண்ணிக்குக் கை கொடுத்தார். அண்ணனிடம், "பெரியவரே, நடுவுல குந்துங்க, ஒண்ணும் ஆவாது" என்றார். ஏரியில் குளித்து வளர்ந்த குடும்பம் நாங்கள், ஆனாலும் அந்தத் தண்ணீரில் நான்கு பேரும் கையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளாக உட்கார்ந்திருந்தோம்.

அவர் நேராகப் போகவில்லை. வடக்கே கொஞ்சம், கிழக்கே கொஞ்சம் என்று வளைத்து வளைத்துப் போனார். நான் ஏன் என்று கேட்டேன். தண்ணீர் நிறம் மாறுகிற இடத்தைக் காட்டி, "அங்க மணல் மேடு. பொங்கலுக்கு இல்ல, இப்பதான் வந்துகீது. அடுத்த மாசம் எங்க போவுமோ" என்றார். அதை எந்தப் படத்தில் போடுவது, எங்கே கல் நடுவது என்று யோசித்தேன். வேடிக்கையாகத்தான் இருந்தது. பயம் போய்விட்டது.

நாலு இருபதுக்குத் தட்டு மாற்றினோம். பிறகு இலை போட்டார்கள். கேசரி, வடை, இட்லி. நான் கேசரியை எடுத்து வாயில் வைக்கிறவரை அந்த வீட்டுப் பெண்கள் எல்லோரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மூன்று வடை சாப்பிட்டார், நாலாவதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மனைவி மகளுக்குப் போன் போட்டு, "உங்கப்பா சாப்புட்டுகினு இருக்கார்" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பக்கம் மகள் அழுவது எனக்கே கேட்டது.

சாப்பிட்டு எழுந்தபோது மனைவி என்னை முழங்கையால் இடித்தாள். மூலையில் ஒரு நாற்காலியின் மேல் சிவப்பு ஹெல்மெட். "அதே ஹெல்மெட்டுங்க" என்றாள்.

காரை எடுத்து வர வேண்டும். மாப்பிள்ளை தன் பைக்கில் அழைத்துப் போகிறேன் என்றான். அதுவரை அவன் என்னிடம் 'வாங்க' என்றதைத் தவிர ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை, நானும்தான். பின்னால் ஏறிக்கொண்டேன். கடப்பாக்கம் திருப்பத்தில் மெயின் ரோட்டுக்கு ஏற வண்டி நின்றது.

"இங்கதான் நின்னுகினு இருந்தியாப்பா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க. ரெண்டு மணிலர்ந்து."

"நாங்க நிக்காம போனத பாத்த?"

"பாத்தேன். கொஞ்ச தூரம் தொரத்திகூட வந்தேன். புடிக்க முடியல. உங்க நம்பரும் எங்கிட்ட இல்ல."

"வூட்ல போய்ச் சொன்னியா?"

"இல்லீங்க."

"எம்பொண்ணுகிட்ட?"

"சொல்லல. அழுவும்."

ரோட்டில் ஒரு பஸ் போயிற்று. அது போன பிறகு கேட்டேன். "நான் வேணாம்னு போய்ட்டேன்னு உனக்குத் தோணலையா?"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டி ரோட்டைக் காட்டினான். "வேணாம்னு திரும்பறவங்க வடக்கால போவாங்க மாமா, செங்கல்பட்டுக்கு. நீங்க தெக்காலதான போனீங்க. எங்க வூட்டத்தான் தேடிகினு போறீங்கன்னு தெரிஞ்சுது. அதான் சும்மா இருந்தேன்."

நான் அவன் தோளில் கையை வைத்துக்கொண்டேன். "சரி, போலாம்பா" என்றேன். வண்டி தெற்கே திரும்பியது.