பட்டை கழற்றிய ஜீப்

அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். அதற்கு முன் இரண்டு தடவை கரு தங்கவில்லை. முதல் தடவை, மழையில் குழிவிழுந்த றோட்டால் மாடு பார்க்கப் போய்வந்த மூன்றாம் நாள் கலைந்தது. குலுக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மகப்பேற்று வைத்தியர் சொன்னார். நானும் கால்நடை வைத்தியர்தான். அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், ஜீப்பில் ஏறினால் ஒரு கை தானாக வயிற்றுக்குப் போய்விடும்.

அது பழைய ஜீப். எனக்கு முன் வைத்திருந்தவர் சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் ஏற்றியவர். மூட்டைப் பாரம் தாங்குவதற்காகப் பின்பக்க ஸ்பிரிங்குகளில் இரண்டிரண்டு பட்டை கூடுதலாகப் போட்டிருந்தார். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய அந்த இரும்புப் பட்டைகள் வெறும் வண்டியில் வளைந்தே கொடுக்காது. சின்னக் கல்லில் ஏறினாலும் அடி நேரே முள்ளந்தண்டில் விழும்.

கணவர் லீவு எடுக்கச் சொன்னார். இரண்டாம் தடவை லீவெடுத்து வீட்டில் படுத்திருந்தபோதுதான் கலைந்தது. அந்தக் கட்டிலில் மறுபடியும் போய்ப் படுக்க எனக்கு ஜீப்பை விடப் பயமாக இருந்தது. அவரிடம் சொல்லாமல் சுன்னாகத்துக் கராஜுக்குப் போனேன்.

மெக்கானிக் அண்ணை குறைவாகக் கதைப்பவர். நாரி நோகிறது, முதுகு நிமிர்த்த முடியவில்லை, வண்டி குலுங்காமல் செய்து தாருங்கள் என்றேன். அவர் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, கூடுதலாகப் போட்ட இரண்டையும் கழற்றிப் புது சொக் அப்சோபர் போட்டால் போதும் என்றார். வண்டியின் சொந்தப் பட்டைகளிலும் இரண்டைக் கழற்றச் சொல்லி நான் பிடிவாதமாக நின்றேன்.

"கழட்டலாம், டொக்டர். ஆனா பாரம் ஏறினால் ஒரு பக்கம் சாயும். பின்னுக்கு ஒண்டும் ஏத்தக்கூடாது."

ஏற்றமாட்டேன் என்றேன். உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை. கண்ணூறில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஆறு மாதம் கழியும்வரை கணவரைத் தவிர யாருக்கும் வாய் திறப்பதில்லை என்று இருந்தேன்.

ஒரு கிழமை ஜீப் வள்ளம் போல அசைந்து அசைந்து போனது. வளைவுகளில் உடம்பு வெளிப்பக்கம் சரிந்தது. அடி விழவில்லையே, அதுவே போதும் என்றிருந்தேன்.

பிறகு புத்தூருக்குக் கிழக்கே, வயல்வெளிக்குள் இருந்த ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. நாம்பன் கன்றொன்று தோண்டியிருந்த கிடங்கில் விழுந்து முன்கால் முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். மழையென்று வேறு வாகனம் உள்ளே வராது. வீட்டுக்காரப் பெண் கன்றின் தலையைத் தடவியபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மெக்கானிக் சொன்னது நினைவில் இருந்தது. கிட்டத்தானே என்று ஏற்றினேன். அவளுடைய புருஷன் பின்னால் கன்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் முன்சீட்டில் எனக்குப் பக்கத்தில் ஏறினாள்.

பாதை ஒரு வரம்பு. இடப்பக்கம் வயல், என் பக்கம் வாய்க்கால். மழை வரம்பின் ஓரத்தை அரித்திருந்தது. பாதி வழியில் கன்று எழும்ப முயன்று என் பக்கமாக விழுந்தது. பின்பக்கம் சட்டென்று பதிந்தது. ஸ்பிரிங் தாங்கவில்லை. பின்சில்லு ஓரத்தை உடைத்துக்கொண்டு வழுக்க, ஜீப் சரிந்து அப்படியே நின்றது.

என் கண்ணாடிக்கு வெளியே வானம் இல்லை, கலங்கிய தண்ணீர்தான் இருந்தது. எஞ்சின் நின்றுவிட்டது. இரண்டு காலாலும் பிறேக்கை மிதித்திருந்தேன். மூச்சு விட்டால்கூட வண்டி உருளும் என்று தோன்றியது. "என்ரை பிள்ளை, என்ரை பிள்ளை" என்று யாரோ சொல்வது கேட்டது. அது என் குரல்தான்.

அவள் திரும்பி என் வயிற்றைப் பார்த்தாள். உடனே பின்பக்கம் பார்த்து, "கன்றை வெளியிலை தள்ளுங்கோ" என்றாள்.

"கால் முறிஞ்ச சீவனடி."

"தள்ளுங்கோ எண்டு சொல்லுறன்."

கன்று சேற்றில் விழுந்த சத்தம் கேட்டது. அவள் மேலே தூக்கி நின்ற தன் பக்கக் கதவைத் திறந்து, மிதிபலகையில் ஏறி, உடம்பு முழுவதையும் வெளியே சாய்த்துத் தொங்கினாள். ஜீப் கொஞ்சம் நிமிர்ந்தது.

"பிறேக்கிலை இருந்து காலை எடுக்காதேங்கோ, டொக்டர். நான் பிடிச்சிருக்கிறன்."

ஒரு மனுஷி பிடித்து நிற்கிற வண்டியா அது? ஆனால் அந்த நேரத்தில் நான் அவளை நம்பினேன். வயலில் நின்றவர்கள் கயிற்றோடு ஓடிவந்து ஜீப்பை இழுத்துக் கட்டும்வரை அவள் இறங்கவில்லை. அதன்பிறகுதான் இடப்பக்கக் கதவால் என்னை வெளியே எடுத்தார்கள்.

வரம்பில் என்னை இருத்தினார்கள். கன்று உயிரோடு கிடந்தது. பனைமட்டையைக் கீறச் சொல்லி, அவள் கிழித்துத் தந்த சீலைத் துண்டால் அங்கேயே காலைக் கட்டினேன். அதை முதலே செய்திருக்கலாம்.

கணவர் வந்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஸ்கானுக்குக் காத்திருந்த நேரத்தில் மூன்று தடவை கழிப்பறைக்குப் போய் இரத்தம் படுகிறதா என்று பார்த்தேன். நான்காம் தடவை எழும்ப, அவர் கையைப் பிடித்து இருத்தினார். உள்ளே இருட்டறையில் நான் திரையைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். இதயத் துடிப்பைக் கணவர்தான் முதலில் கண்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பட்டை கழற்றியதைச் சொன்னேன். சண்டிலிப்பாய்ச் சந்தியில் அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"நீர் எனக்கும் சொல்லேல்லையே" என்றார். கோபமாக அல்ல. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

ஜீப்பை ட்ரக்டர் இழுத்துக்கொண்டுபோய்க் கராஜில் விட்டது. இந்தத் தடவை மெக்கானிக்கிடம் காரணத்தைச் சொன்னேன். அவர் எண்ணெய்க் கையை நெடுநேரம் துடைத்தார்.

"இதை முதலே சொல்லியிருந்தால் ஸ்பிரிங்கிலை கை வைச்சிருக்கமாட்டன், டொக்டர். சீட்டைத்தான் மாத்தியிருப்பன்."

வண்டிக்கு உரிய பட்டைகளைத் திரும்பப் போட்டார், வெங்காயக்காரரின் கூடுதல் பட்டைகளை மட்டும் விட்டுவிட்டார். சொக் அப்சோபர் புதிதாக வந்தது. பழைய பஸ் ஒன்றின் சாரதி சீட்டைக் கழற்றி எனக்குப் பொருத்தி, றயர்க் காற்றையும் கொஞ்சம் குறைத்தார். ஏழாம் மாதம்வரை அதில்தான் ஓடினேன். சித்திரையில் மகள் பிறந்தாள். கன்று நொண்டியபடியே வளர்ந்து பெரிய நாம்பன் மாடாகிவிட்டது.

பயம் மட்டும் போகவில்லை. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் மகளையும் கூட்டிப்போவேன். வரம்புப் பாதை வந்தால் என் கால் தானாகப் பிறேக்குக்குப் போகும். ஏன் நிற்கிறோம் என்று கேட்பாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, இறங்கிப்போய் ஓரத்து மண்ணைக் காலால் அழுத்திப் பார்த்துவிட்டு வருவேன்.